கிச்சுக்கிச்சுக் குழாய்

நல்லம்மாளுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில், சோளக்காட்டுக்கு நடுவே நாலு மாடி எழுப்பி நிற்கிற அந்த விடுதிப் பள்ளியில் பதினாலு வருஷமாக அவள்தான் சமையல்கட்டின் தலைவி. ஆயிரத்து இருநூறு பிள்ளைகள். காலை ஏழேகாலுக்கு மணி அடிக்கும்போது இட்லியும் சட்னியும் மேஜையில் இருக்க வேண்டும். இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. கேஸ் லாரி வராத நாளில் விறகு மூட்டிச் சமைத்தாள். உதவிக்கு இருந்த பெண்கள் நாலு பேர் ஒரே நாளில் காய்ச்சலில் படுத்தபோது, மாடி கூட்டுகிறவர்களை இழுத்து வந்து வெங்காயம் உரிக்க வைத்தாள். பள்ளியின் தாளாளர் நவநீதகிருஷ்ணன், பார்க்க வருகிற பெற்றோரிடமெல்லாம், எங்கள் பள்ளியில் கடிகாரம் நின்றாலும் நல்லம்மாள் நிற்க மாட்டாள் என்று சொல்லிப் பெருமைப்படுவார்.

அப்படிப்பட்டவளை ஒரு வாரமாக ஒரு பொட்டி ஆட்டி வைத்தது.

பொட்டி என்றால் உள்ளங்கை அகலம்தான். சமையல்கட்டு வாசலில், மெயின் போர்டுக்குப் பக்கத்தில், வெள்ளை நிறத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். கரண்டு போக வேண்டிய வழியில் போகாமல் எங்காவது கொஞ்சம் ஒழுகினால் போதும், 'டப்'பென்று விழுந்து மொத்த லைனையும் அறுத்துவிடும். அதற்குக் காகிதத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. சமையல்கட்டில் அதற்கு டிரிப் பொட்டி என்று பெயர். நல்லம்மாளின் கோபம் ஏறினால் மூதேவிப் பொட்டி.

அதை மாட்டியவள் நிகத். சேலம் கோட்டைப் பக்கத்துப் பெண், வயது இருபத்தைந்துக்கு மேல் போகாது. டிப்ளமா முடித்து, லைசென்ஸ் வாங்கி, மூன்று மாதத்துக்கு முன் பள்ளிக்கு எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக வந்தவள். முதல் நாள் சமையல்கட்டுக்குள் வந்து கிரைண்டர்களுக்கு முன்னால் கிடந்த மூன்று பலகைகளைப் பார்த்து, இவை எதற்கு என்று கேட்டாள். ஈரக்காலோடு நின்று கிரைண்டரைத் தொட்டால் லேசாக இழுக்கும், பலகை மேல் நின்றால் இழுக்காது என்று நல்லம்மாள் சொன்னாள். வேலைக்கு வருகிற ஒவ்வொருத்திக்கும் அவள் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. அன்னம் வேகிற இடத்தில் செருப்புக் கூடாது என்பது சட்டம்; வெறுங்கால் என்றால் பலகை வேண்டும்; இதில் அதிசயம் என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம். நிகத்தின் முகம் மட்டும் வெளுத்துப்போனது. அவள் அந்த வாரமே தாளாளரிடம் எழுதிக் கொடுத்து, அறுந்து கிடந்த எர்த் ஒயர்களைப் புதிதாக இழுத்து, ரப்பர் விரிப்புகள் வாங்கிப் போட்டு, போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பொட்டியையும் மாட்டிவிட்டாள். விரிப்புகளை நல்லம்மாள் மறுநாளே சுருட்டி மூலையில் சாத்தினாள். பொட்டியைச் சுருட்ட முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குத் தேங்காய்ச் சட்னி பாதி அரைபடும்போது பொட்டி விழுந்தது. தூக்கிவிட்டார்கள், மறுபடி விழுந்தது. அன்று சாப்பாடு இருபத்தைந்து நிமிஷம் தாமதம். செவ்வாய் அதே கதை. புதன்கிழமை வேறு வழியில்லாமல் இட்லிக்குச் சர்க்கரை வைத்தார்கள். பிள்ளைகள் கொண்டாடினார்கள், நல்லம்மாள் கண்ணீர் விடாத குறை. வியாழக்கிழமை முதல் பீரியடே தள்ளிப்போனது.

இதில் யாருக்கும் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. மத்தியானம் இதே மூன்று கிரைண்டரும் இட்லி மாவுக்காக ஒன்றாகச் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஓடும். அப்போது பொட்டி வாயே திறக்காது. மாவுக்கு வராத கோபம் சட்னிக்கு மட்டும் ஏன் வருகிறது என்று எல்லாரும் நிகத்தைக் கேட்டார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை, பாவம். கிரைண்டர் ஒவ்வொன்றையும் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருந்தன. ஃபிரிட்ஜ், காற்றாடி, பிளக் ஒன்று விடாமல் பார்த்தாள். விடியற்காலையே வந்து நின்றும் பார்த்தாள். எந்தக் கிரைண்டரை நிறுத்தினாலும் மற்ற இரண்டும் ஓடின. மூன்றும் சேர்ந்தால் விழுந்தது; இரண்டை மட்டும் வைத்து ஏழேகாலுக்குள் சட்னி முடியாது. எங்கேயோ அரைக் கசிவு ஒன்று ஒளிந்திருக்கிறது, அது தனியாக இருந்தால் பொட்டி பொறுத்துக்கொள்கிறது, கிரைண்டர் ஈரத்தின் கசிவோடு சேர்ந்தால்தான் விழுகிறது என்று சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நல்லம்மாள் சட்னிப் பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

சமையல்கட்டில் நிகத் மீட்டர் வைக்காத இடம் ஒன்றே ஒன்று உண்டு. பின்சுவரில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே, சாமிப் பலகை. அதில் அம்மன் படம், படத்துக்கு முன்னால் சின்ன எல்.இ.டி. விளக்கு. காலையில் குளித்துவிட்டு வந்ததும் நல்லம்மாள் அந்த விளக்கைப் போட்டுக் கும்பிட்ட பிறகுதான் எந்த இயந்திரமும் சுற்ற வேண்டும். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, எட்டரை மணிக்குப் பாத்திரம் ஒதுக்கும்போது அவளே அணைப்பாள். புதன்கிழமை நிகத் அந்தப் பக்கம் கையைக் காட்டி, அக்கா, அந்த விளக்கு என்று ஆரம்பித்தாள். அது சாமி விளக்கு, அதில் என்ன இருக்கிறது, நீ அங்கே போக வேண்டாம் என்று நல்லம்மாள் சொன்னாள். நிகத் உடனே நாலடி பின்வாங்கினாள்.

நல்லம்மாள் யாரையுமே அந்தப் பலகையைத் தொட விட்டதில்லை. பத்து வருஷமாகக் கூட இருக்கிற சென்னியம்மாளைக்கூட விட்டதில்லை. ஆனால் நிகத் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள் என்பது அவள் பின்வாங்கிய விதத்திலேயே நல்லம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண் தள்ளி நிற்பது அந்த நேரத்தில் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நல்லம்மாள் தாளாளர் அறைக்கு நேராகப் போனாள். திங்கட்கிழமை அரையாண்டுப் பரீட்சை. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பரீட்சை எழுதினால் ஊரே பேசும் என்று அவரும் கவலையில் இருந்தார். நல்லம்மாள் உட்காரக்கூட இல்லை.

"ஒரே வார்த்தைங்க. அந்தப் பொட்டி இருக்கோணும், இல்லீன்னா நான் இருக்கோணும்."

தாளாளர் வியாபாரம் தெரிந்தவர். பொட்டிக்குக் கடையில் மாற்று கிடைக்கும்; நல்லம்மாளுக்குக் கிடைக்காது. நிகத்தைக் கூப்பிட்டு, சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் அதைக் கழற்றிவிடச் சொன்னார். நிகத் குரலை உயர்த்தவில்லை. கழற்றச் சொல்வது உங்கள் உரிமை, ஆனால் என் கையால் கழற்ற மாட்டேன், வேறு ஆளை வைத்துக் கழற்றுங்கள், நான் ராஜினாமா எழுதிக் கொண்டு வருகிறேன் என்றாள். பள்ளிப் பஸ்களுக்கு ஒயரிங் பார்க்கிற மயில்சாமியை வரச் சொல்லி ஆள் போனது.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நல்லம்மாள் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். நான் உள்ளதைச் சொல்கிறேன், அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

சனிக்கிழமை காலையும் பொட்டி தன் வழக்கத்தை விடவில்லை. கடைசி நாள்தானே, விழுந்து தொலை என்று நல்லம்மாள் அதைத் தூக்கி விட்டுத் தூக்கி விட்டுச் சட்னியை முடித்தாள். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவப் போனார்கள். சமையல்கட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் தட்டுக் கழுவும் வரிசை. உள்ளே வருகிற அதே இரும்புக் குழாய் சுவரைத் துளைத்துப் போய் வெளியே ஏழு குழாய்களாகப் பிரியும். நல்லம்மாள் கை கழுவ வெளியே வந்தவள் நின்றாள். கூட்டம் வடிந்து, ஆறு குழாய் சும்மா கிடந்தது. சுவரை ஒட்டிய ஏழாவது குழாய்க்கு முன்னால் மட்டும் பத்துப் பதினைந்து பெண் பிள்ளைகள் தட்டும் கையுமாக வரிசை கட்டி நின்றார்கள்.

மற்ற குழாயில் தண்ணீர் வரவில்லையா என்று அவள் அதட்டினாள். வரிசையின் முதலில் நின்ற நித்யஸ்ரீ, ஆறாம் வகுப்பு, வாயாடி, திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுதான் பெரிம்மா கிச்சுக்கிச்சுக் குழாய். தொட்டா கையெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டும். ஈரக் கையில தொட்டா இன்னும் ஜாஸ்தி."

நல்லம்மாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கரண்டு என்றால் கொஞ்சம் இழுக்கத்தானே செய்யும். அவளும் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சரி, ஒவ்வொருத்தராகக் கழுவிக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது நித்யஸ்ரீ அவசரப்பட்டாள். எட்டரைக்குள் தொட்டுவிட வேண்டுமாம். அதற்கு மேல் குழாய் செத்துவிடுமாம். மத்தியானமும் ராத்திரியும் எத்தனை தடவை தொட்டாலும் ஒன்றும் இருக்காதாம். காலையில் மட்டும்தானாம்.

காலையில் மட்டும். சட்னிக்கு மட்டும். எட்டரை வரைக்கும்.

நல்லம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளைகளை அந்தக் குழாயிடமிருந்து விரட்டினாள். அவர்கள் மிரண்டுபோகிற அளவுக்கு விரட்டினாள். உள்ளே ஓடி, சாமிப் பலகையில் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தாள். வெளியே வந்து குழாயைத் தொட்டாள். வெறும் இரும்பு, குளிர்ந்து கிடந்தது. மறுபடி உள்ளே போய் விளக்கைப் போட்டாள். இந்த முறை தண்ணீர் தேங்கிய இடத்தில் வெறுங்காலோடு நின்று, சந்தேகம் தீர வேண்டுமென்று குழாயை முழுக் கையாலும் பிடித்தாள். முழங்கை வரைக்கும் வெட்டியது. விட வேண்டும் என்று நினைத்தாள், விரல்கள் விடவில்லை. ஒரு நொடிதான் இருக்கும். உடம்பையே பின்னால் சாய்த்துப் பிடுங்கிக்கொண்டு சுவரில் மோதி நின்றாள். அவளுடையது பதினாலு வருஷம் குண்டான் தூக்கிய கை. நித்யஸ்ரீயின் கை அவள் உள்ளங்கையில் பாதி இருக்காது.

அந்த விளக்குக்கு ஒயர் இழுத்தது வேறு யாருமில்லை. அவள்தான். ஆறு வருஷத்துக்கு முன் இந்தப் புதுச் சமையல்கட்டு கட்டியபோது, சாமிப் பலகைக்கு ஒரு பாயின்ட் கேட்டு அப்போதிருந்த எலக்ட்ரீஷியனிடம் இரண்டு மாதம் கெஞ்சினாள். இன்று நாளை என்று இழுத்தான். போடா என்று தானே போட்டுவிட்டாள். எப்படிப் போடுவது என்று அவளுக்கா தெரியாது? ஆட்டையாம்பட்டிப் பக்கம் அவள் அப்பன் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்கு மூன்று லைன் ஒயர்தான் வரும். பல்பு எரியத் தேவையான திரும்பு ஒயர் வராது. அதற்காக யாரும் இருட்டில் உட்காரவில்லை. ஒரு ஒயரைப் பல்பில் கொடுத்து, பல்பின் இன்னொரு ஒயரைப் போர்வெல் குழாயில் சுற்றிவிட்டால் தீர்ந்தது. கரண்டு குழாய் வழியாகப் பூமிக்குப் போய்விடும், பல்பு ஜெகஜோதியாக எரியும். அந்தச் சுற்று வட்டாரத்துத் தோட்டம் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். இங்கேயும் அவள் சுவிட்சிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, மறு ஒயரைப் பலகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே கலர்த் தாள் ஒட்டினாள். அது ஒயரிங் என்றே அவள் நினைத்ததில்லை. நிகத், வேறு எங்காவது கனெக்ஷன் இருக்கிறதா அக்கா என்று கேட்டபோது இல்லை என்று சொன்னது பொய்யில்லை. அவள் கணக்கில் அது சாமி விளக்கு.

உள்ளே ஏணி சாத்துகிற சத்தம் கேட்டது. மயில்சாமி வந்துவிட்டான்.

ஒரு யோசனை அவளுக்கு வராமலில்லை. அவளும் மனுஷிதானே. மயில்சாமி பொட்டியைக் கழற்றட்டும். எல்லாரும் போன பிறகு அந்த ஒயரைச் சத்தமில்லாமல் பிடுங்கி எறிந்துவிட்டால் குழாய் சுத்தமாகிவிடும், சட்னி நேரத்துக்கு அரைபடும், நல்லம்மாள் சொன்னதுதான் சரி என்று ஊர் சொல்லும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கை இன்னும் வலித்தது. ஆறு நாளாக அந்தப் பொட்டி காலை தோறும் விழுந்து விழுந்து, இந்தப் பிள்ளைகளுக்காகக் கத்தியிருக்கிறது. கத்துகிற வாயை அடைக்க அவள் ஆள் கூட்டி வந்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவளுக்குப் பயம் வந்தது. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

உள்ளே தாளாளர் நின்றிருந்தார். நிகத் ராஜினாமாக் கவரோடு வாசலுக்கு வெளியே, செருப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மயில்சாமி ஏணியில் ஏறித் திருப்புளியை வைத்துவிட்டான். நல்லம்மாள் அவனை இறங்கச் சொன்னாள். அவன் தாளாளரைப் பார்த்தான். இறங்கு என்று அவள் மறுபடி சொன்ன தோரணையில் தாளாளரைக் கேட்காமலே இறங்கிவிட்டான்.

"பொட்டி மேல தப்பில்லீங்க," என்றாள் நல்லம்மாள். "என்ற கையிலதானுங்க தப்பு. சாமி வெளக்குக்கு நான்தான் கொழாயில ஒயரச் சுத்தி வச்சேன். அது வெளிய புள்ளைங்க தட்டுக் கழுவுற கொழாய்க்குப் போயிருக்குது. நேத்து உங்ககிட்டச் சொன்ன வார்த்தைய இப்பத் திருப்பி எடுத்துக்கறேனுங்க. பொட்டி இருக்கட்டும். நான் இருக்கோணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

அவள் குரல் கெஞ்சவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறபோதுகூட ஆர்டர் போடுகிற மாதிரிதான் பேசினாள். அது பிறவிக் குணம். பிள்ளைகளின் குழாய் என்று கேட்டதுமே தாளாளர் வேர்த்துப்போனார். ஆயிரத்து இருநூறு வீட்டுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டும் இருக்கட்டும், முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள் என்று நிகத்திடம் சொன்னார்.

நிகத் அதற்குள் மெயினை அணைத்திருந்தாள். உள்ளே வந்தவள் சாமிப் பலகைக்கு நாலடி தள்ளி, அன்று நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"வா அம்மிணி. நீயே கையால தொட்டுக் கழட்டு," என்றாள் நல்லம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு உன்னைய வரவேண்டாம்னு சொன்னது நீ நெனச்ச காரணத்துக்கில்ல. ஆனா நீ அப்படித்தான் நெனச்சேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே உட்டுட்டேன். அது கொழாயில ஒயர் சுத்துனதவிடப் பெரிய தப்பு."

நிகத்தின் கண் கலங்கியதை நல்லம்மாள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

"நானும் இன்னொரு தடவை கேட்டிருக்கணும் அக்கா," என்றாள் நிகத். "கரண்ட் விஷயத்துல நான் மரியாதை பார்த்துட்டு நின்னிருக்கக் கூடாது."

அவள் படத்தை இரண்டு கையாலும் எடுத்து நல்லம்மாளிடம் கொடுத்தாள். பலகையை இறக்கி, கலர்த் தாளைப் பிரித்து, துருவேறிய அந்த நாலு சுற்றையும் அவிழ்த்தாள். பல்பு நன்றாக இருக்கிற வரைக்கும் குழாய்க்கு வருவது கொஞ்சம்தான், விளக்குக்குள்ளே ஒரு நாள் ஷார்ட் ஆகியிருந்தால் முழு லைனும் குழாயில் இறங்கியிருக்கும் என்று விளக்கினாள். நல்லம்மாள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். மத்தியானத்துக்குள் சாமிப் பலகைக்கு முறையான பாயின்ட் வந்துவிட்டது, திரும்பு ஒயரோடு. வெறுங்காலோடு நின்று குழாயைப் பிடித்துச் சோதனை செய்த கதையை நல்லம்மாள் பெருமையாகச் சொன்னபோது மட்டும் நிகத் வெடித்துவிட்டாள். அப்படித் திட்டு வாங்கி நல்லம்மாளுக்கு வருஷம் பல ஆகியிருந்தது. தலையாட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை விளக்கு எரிந்தது. கிரைண்டர் முன்னால் கிடந்த பலகைகள் மூன்றும் வெளியே கிடந்தன. ரப்பர் விரிப்புகள் விரிந்திருந்தன. அன்று தேங்காய், தக்காளி, புதினா என்று மூன்று சட்னி போட நல்லம்மாள் உத்தரவிட்டாள். மூன்று கிரைண்டரும் ஒன்றாக ஓடினால்தான் அவளுக்கு மனசு ஆறும். நிகத் பொட்டிக்குக் கீழே நின்றாள். சென்னியம்மாள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பொட்டி விழித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் விழவில்லை. ஏழேகால் மணி அடித்தபோது மேஜையில் மூன்று நிறத்தில் சட்னி இருந்தது.

பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுக் கழுவப் போனார்கள். சற்று நேரத்தில் நித்யஸ்ரீ ஈரத் தட்டோடு சமையல்கட்டு வாசலுக்கே வந்து நின்றாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பெரிம்மா, ஏழாவது கொழாய் கெட்டுப்போச்சு. எல்லாரும் தொட்டுப் பார்த்துட்டோம். யாருக்குமே ஒண்ணும் ஆகல."

நல்லம்மாள் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்தச் சின்ன ஈரக் கையை எடுத்து, முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஐந்து விரலையும் துடைத்து முடித்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.

"ஆமா சாமி," என்றாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல."